பதின்மூன்றரை மில்லிமீட்டர்

ஈரப்பனி இறங்கும்வரை ஒன்றும் நடக்காது.
தேடுவதும் தண்ணீர், மறைப்பதும் தண்ணீர்.
இருபது லட்சம் ஆண்டுக்கும் மேலாக
வழியில் எங்கும் தங்காமல் வந்ததை
கடைசிச் சில கிலோமீட்டரில்
இர்பேனெயின் மேகம் குடித்துவிடும்.

முப்பத்திரண்டு மீட்டர் கிண்ணத்தைச் சாய்த்து
பனியைக் கொட்டினோம்.
பைன் மரங்களுக்குப் பின்னால் பால்டிக் கடல்
தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

இதைக் கட்டியவர்கள் வேறு வேலைக்குக் கட்டினார்கள்:
கப்பல்கள் என்ன பேசுகின்றன,
தூதரகங்கள் யாரோடு பேசுகின்றன.
போகிறபோது கேபிள்களை வெட்டி
மோட்டார்களில் அமிலம் ஊற்றிவிட்டுப் போனார்கள்.
அவர்களுடைய மாடி வீடுகள்
ஜன்னல் இல்லாமல் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன.
ஒட்டுக்கேட்ட காது
சும்மா கேட்கப் பழக எத்தனை வருடம் ஆயிற்று என்று
ஸிக்மார்ஸைக் கேட்டால்
பதில் சொல்லமாட்டான், கையைக் காட்டுவான்.
மோட்டார்களைப் பிரித்துக் கழுவிய கை.

ஒரு மணிக்கு வானம் விட்டது. மைனஸ் பதினாறு.
காற்றில் இருந்த ஈரமெல்லாம்
வேலிக்கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது.
இதைவிட நல்ல இரவு பிப்ரவரியில் கிடைக்காது.
அதே குளிரில் சமையலறைக் குழாய் உறைந்து
நிலையம் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவன் வாளியோடு பனி அள்ளப் போனான்.
நான் கிண்ணத்தை கசியோப்பியாவுக்குத் திருப்பினேன்.

பெரிய பெயரெடுத்த மண்டலம் இல்லை அது.
நம் பால்வெளியின் தூசிக்குப் பின்னே
பாதி மறைந்து நிற்கும் சின்னது,
அளவுக்கு மீறி நட்சத்திரம் பெற்றுத் தள்ளுவது.
பிறக்கிற நட்சத்திரம் சுற்றியிருப்பதை உதைக்கும்.
உதைபட்ட நீராவி கொதித்து நிற்கும்,
எந்நேரமும் விழத் தயாராக.
ஓர் அலை கடந்தால் போதும்,
விழுகிற ஒவ்வொரு மூலக்கூறும்
அதே தாளத்தில் அதே திசையில்
தன் அலையையும் சேர்த்து அனுப்பும்.
அவ்வளவு பேர் ஒரே குரலில் கத்தியும்
இங்கே வந்து சேரும்போது
ரிசீவரின் சொந்த முனகலுக்குள் எங்கேயோ.

ஐந்து நிமிடம் அதன் மேல்.
ஐந்து நிமிடம் வெற்று வானம்.
கழி. கூட்டு. மறுபடியும் கழி.
திரையில் கோடு
பிரிந்த சணல்கயிறு மாதிரி சிலும்பிக்கொண்டிருந்தது.

இரண்டே முக்காலுக்கு ஒரு முள்.
வலச்சுழற்சியில் மட்டும்.
கனெக்டரை இறுக்கினேன், முள் போய்விட்டது.
அதற்குள் நான் சிரித்திருந்தேன்.
நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

நாலேகாலுக்கு
எதிர்பார்த்த இடத்திலிருந்து இரண்டு சேனல் தள்ளி,
இரண்டு சுழற்சியிலும்.

கிண்ணத்தை இம்மியளவு நகர்த்தினேன். இல்லை.
திரும்ப வைத்தேன். இருக்கிறது.
நகர்த்தினேன்.
இல்லை.
நொடிக்கு முந்நூற்று நாற்பது கிலோமீட்டர்
நம்மை நோக்கி வருகிறது அந்த நீர்,
அல்லது நாம்தான் போகிறோமோ,
கோட்டுக்கு அது தெரியாது.

கூப்பிட்டேன். வாளியோடு வந்தவன்
முதலில் கெட்டிலை ஏற்றினான்,
பிறகுதான் திரையைப் பார்த்தான்.
“குன்டெகா, இந்த அலை எவ்வளவு நீளம்?”
பதின்மூன்றரை மில்லிமீட்டர்.
கட்டைவிரல் நகத்தை விளக்கடியில் பிடித்தான்.
அமிலம் தின்ற நகம்,
கொஞ்சம் போதவில்லை.

போலந்துக்கு எழுதினேன்:
எங்களுக்கு ஒன்று தெரிகிறது, உங்களுக்கு?
டோருனிலிருந்து ப்ரோனிஸ்வாவா உடனே பதில் போட்டாள்.
இங்கே மழை. வியாழக்கிழமைக்கு முன் முடியாது.

வியாழன்வரை அது எங்கள் பிழையாகவும் இருக்கலாம்.
குறிப்பேட்டில் நேரத்தை எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.
பேனாவை எடுக்காமல்
கேள்விக்குறியின் புள்ளியை ரொம்ப நேரம் அழுத்தியிருக்கிறேன்,
அடுத்த பக்கத்திலும் தெரிகிறது.

கெட்டில் கொதித்தது.
பனித்தண்ணீரில் ஒரு பைன் ஊசி சுற்றியது.
ஆவி எழுந்து கண்ணாடியில் படிய
வெளியே கிண்ணம் காணாமல் போயிற்று.
ஸிக்மார்ஸ் கைச்சட்டையால் துடைத்தான்.
மறுபடி படிந்தது.
துடைத்தான்.